‘வாலு ஐயா’வைப் பிடிக்கப் போனோம்

பாலர் பள்ளியில் ஆசிரியர் ஒருநாள் பிள்ளைகளிடம், “உங்க அம்மா எங்கே இருக்காங்க?” என்று கேட்டிருக்கிறார். ஒரு பிள்ளை வீட்டில் என்றது. இன்னொன்று ஆபீஸில் என்றது. என் மகள், “கார் ரேடியோவுக்குள்ள” என்று சொன்னாளாம்.

ஆசிரியர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

என் அலாரம் காலை 4.30க்கு அடிக்கும். 6 மணிக்கு மைக் முன்னால் உட்கார வேண்டும். மகள் கண் விழிக்கும்போது நான் நேயர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன். அவளைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, காரில் ஏற்றுவது அவளுடைய அப்பா. வழியில் ரேடியோவைப் போட்டால் அம்மா பேசுவாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அம்மா என்றால் அதுதான்.

அந்த வாரம் கனடாவிலிருந்து என் அண்ணன் அழைத்தபோது இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் எப்போதும் போல நேராகப் பேச்சை வெட்டினார்.

“ஸ்கூல் லீவுல இங்க வா. பாப்பாவை ஏரிக்குக் கூட்டிட்டுப் போவோம். ஜூன்ல வால்ஐ நல்லா கடிக்கும்.”

பக்கத்தில் நின்ற மகள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. “வாலு ஐயாவா? அவரு யாரும்மா?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மீனுக்கு ‘வாலு ஐயா’ என்றே பெயர்.

அண்ணனுக்கு மட்டும் தூண்டில்

அண்ணன் இப்படிக் கூப்பிட்டதில் எனக்கு ஒரு பழைய கணக்கும் இருந்தது. நாங்கள் கம்பாரில் வளர்ந்தவர்கள். பேராக்காரர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் ஈயம் தோண்டிவிட்டு விட்டுப்போன குட்டைகள் எத்தனை என்று. அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் இரண்டு தூண்டிலைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். பின்னால் அண்ணன் உட்கார்ந்திருப்பார். மதியம் ஒரு பையில் திலாப்பியாவோ ஹருவானோ வரும். அம்மா குழம்பு வைப்பார்.

நானும் வருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு தூண்டிலு?” என்பார் அப்பா. அதோடு முடிந்தது. மண்புழு தோண்டிக் கொடுப்பது மட்டும் என் வேலை.

அம்மாவுக்கு வேறு பயம். ஈயக்குட்டை ஏரி மாதிரி மெல்ல மெல்ல ஆழமாவதில்லை. கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் திடீரென்று தரை இருக்காது. குட்டையில் மூழ்கிய பிள்ளைகளைப் பற்றிய பேச்சு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. பிறகு நான் வானொலிக்கு வந்து, அதே மாதிரிச் செய்திகளைப் பள்ளி விடுமுறைதோறும் வாசித்திருக்கிறேன். அதனால் மகளைத் தண்ணீர் ஓரம் கூட்டிப்போவது என்று முடிவெடுத்தபோது, மகிழ்ச்சியோடு வயிற்றில் ஒரு கலக்கமும் சேர்ந்தே வந்தது.

சரி, திட்டம் போட்டுப் போனால் பயம் குறையும் என்று நினைத்தேன். நான்கு மாதம் முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

யார் இந்த வாலு ஐயா?

வால்ஐ வட அமெரிக்காவின் நன்னீர் மீன். உடம்பு பொன்னும் ஒலிவ் பச்சையும் கலந்த நிறம், வயிறு வெள்ளை, வால் நுனியின் கீழ்ப்பக்கத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒண்டாரியோவில் பலர் இதைப் ‘பிக்கரல்’ என்கிறார்கள். கடையில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். அங்குள்ள பூர்வகுடியினரான அனிஷினாபே மக்களின் மொழியில் இதற்கு ‘ஓகா’ என்று பெயர்.

இந்த மீனின் விசேஷம் அதன் கண். பெரிய, கண்ணாடி போன்ற கண். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு இருக்கிறது. இருட்டில் பூனையின் கண் மின்னுமே, அதே ஏற்பாடு. அதனால் மங்கிய வெளிச்சத்தில் மற்ற மீன்களைவிட இதற்கு நன்றாகத் தெரியும். வெயில் ஏறினால் ஆழத்துக்கோ நீர்ப்பாசிகளின் நிழலுக்கோ போய்விடும். சூரியன் சாயும் நேரத்தில் கரைப்பக்கம் இரை தேடி வரும்.

குளிர்காலம் முடிந்து பனி உருகும்போது, ஏப்ரல் வாக்கில் இவை முட்டையிடும். அந்தக் காலத்தில் பிடிக்கத் தடை. நாங்கள் போன கவார்த்தா ஏரிகள் பக்கம் மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை தடை நீங்குகிறது. அதன்பிறகு வரும் சில வாரங்கள், அதாவது மே இறுதியும் ஜூனும், கரையிலிருந்தே பிடிப்பதற்கு நல்ல காலம். தண்ணீர் இன்னும் முழுதாகச் சூடாகியிருக்காது. மீனும் ரொம்ப ஆழத்துக்குப் போயிருக்காது. நம் பள்ளி விடுமுறையும் அதே நேரத்தில் வருவது நம் அதிர்ஷ்டம்.

கடிகாரம் செய்த உதவி

என் நோட்டில் முதலில் எழுதிய சிக்கல் இது: மே இறுதியில் அங்கே சூரியன் மறைவது இரவு 9 மணிக்குச் சற்று முன்னால். மீன் கடிப்பது அதற்கு அரை மணி முன்னும், ஒரு மணி நேரம் பின்னும். ஆறு வயதுப் பிள்ளை தூங்குவது எட்டரைக்கு. பெரியவர்கள் காத்திருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் சிணுங்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் உட்கார முடியாது.

விடை கிடைத்தது உலக வரைபடத்தில். கோடைகாலத்தில் மலேசியாவுக்கும் டொரோண்டோவுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். அங்கே இரவு 9 என்றால் இங்கே காலை 9. அதாவது, போய் இறங்கிய முதல் சில நாள் மகளின் உடம்பு மலேசிய நேரத்திலேயே இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குச் சொக்கி விழுவாள். சாயங்காலம் எழுந்தால் இரவு முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் திட்டுகிற விஷயம் எங்களுக்கு வசதியாகிவிட்டது. விடியல் 5.30க்கு, அப்போதும் மீன் கடிக்கும், அப்போதும் அவள் விழித்திருப்பாள்.

அதனால் வழக்கமான வரிசையைத் திருப்பிப் போட்டோம். முதலில் ஊர் சுற்றல், கடைசியில் ஏரி என்றில்லாமல், இறங்கிய மறுநாள் முழு ஓய்வு, மூன்றாம் நாள் ஏரி. நயாகரா அருவியைப் பகலில் பார்க்க வேண்டியது, அதைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளினோம்.

காகிதங்கள்

மலேசியர்களுக்குக் கனடா விசா வேண்டும். கைரேகையும் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். என் கணவர் வரவில்லை. இப்படித் தாயோ தந்தையோ தனியாகப் பிள்ளையை அழைத்துப் போனால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது. டொரோண்டோ விமான நிலையத்தில் என்னிடம் அதைக் கேட்டார்கள். கொடுத்தேன், இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

அடுத்தது மீன்பிடி உரிமம். நம் ஊரில் குட்டைக் கரையில் தூண்டிலைப் போட யாரும் சீட்டுக் கேட்பதில்லை. ஒண்டாரியோவில் கேட்பார்கள். வெளிநாட்டவருக்கும் குறுகிய கால உரிமம் உண்டு, இணையத்திலேயே வாங்கலாம். அதில் இரண்டு வகை. ஒன்றில் அதிக மீன் வைத்துக்கொள்ளலாம். மற்றது விலை குறைவு, வைத்துக்கொள்ளும் எண்ணிக்கையும் குறைவு. பிள்ளையோடு போகிறவர்களுக்கு இரண்டாவதே தாராளம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனி உரிமம் தேவையில்லை. உரிமம் உள்ள பெரியவர் கூடவே இருக்க வேண்டும். பிள்ளை பிடித்து வைத்துக்கொள்ளும் மீன் அந்தப் பெரியவர் கணக்கில் சேரும்.

அங்கே வருடத்தில் சில நாள்கள் உரிமமே இல்லாமல் பிடிக்கலாம் என்று கேள்விப்பட்டுத் துள்ளிக் குதித்தேன். ஜூனில் வரும் தந்தையர் தின வார இறுதியும் அதில் ஒன்று. பிறகு படித்தால் அது கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். அண்ணனுக்குச் செல்லும், எனக்குச் செல்லாது.

எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்பது ஏரிக்கு ஏரி மாறும். கவார்த்தா பகுதியில் வால்ஐ ரொம்பச் சின்னதாக இருந்தாலும் விட வேண்டும், ரொம்பப் பெரியதாக இருந்தாலும் விட வேண்டும். நடுவில் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குள் இருப்பதை மட்டுமே எடுக்கலாம். பெரிய பெண் மீன்கள் நிறைய முட்டையிடும், அவை பிழைக்க வேண்டும் என்பதுதான் காரணம். போகும் வருடத்தின் விதிமுறையை ஒருமுறை பார்த்துக்கொண்டு போவது அவசியம்.

தூண்டிலை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒண்டாரியோவில் சில நூலகங்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் புத்தகம் இரவல் தருவது போலத் தூண்டிலை இரவல் தருகிறார்கள். குழந்தைக்கேற்ற குட்டைத் தூண்டில் ஒன்றை அண்ணன் அப்படித்தான் எடுத்து வந்தார். மகள் அதை இரண்டு நாள் கட்டிலில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

தண்ணீருக்குப் பக்கத்தில்

இந்தப் பகுதியை மட்டும் பெற்றோர்கள் மெதுவாகப் படியுங்கள்.

முதலாவது, மூன்று மாதம் முன்பே மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்தேன். மூன்று மாதத்தில் யாரும் நீச்சல் வீரர் ஆவதில்லை. ஆனால் முகத்தில் தண்ணீர் பட்டால் பதறாமல் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்டாள். அது போதும் என்று தொடங்கினோம்.

இரண்டாவது, உயிர்காப்பு அங்கி. பிள்ளையின் வயதைப் பார்த்து வாங்கக் கூடாது, எடையைப் பார்த்து வாங்க வேண்டும். எந்த எடைக்கு என்று உள்பக்கம் அச்சிட்டிருக்கும். ‘வளருவாளே’ என்று பள்ளிச் சீருடை வாங்குவது போல ஒரு சைஸ் பெரியதாக வாங்கிவிடாதீர்கள். போட்டுப் பார்த்து, தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது பெரியது. தண்ணீரில் விழுந்தால் பிள்ளை கீழே நழுவிப்போகும். கால்களுக்கிடையே வரும் வாரும், பின்தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டையும் உள்ளதைத் தேடி வாங்கினோம்.

மூன்றாவது, குளிர். நம் கடல் வெதுவெதுப்பானது. அங்கே ஜூன் தொடக்கத்தில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் ஏரித் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் திடீரென்று விழுந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கே மூச்சு அடைக்கும். அதனால் ஒரே ஒரு சட்டம் போட்டோம்: புல் முடிந்து பலகை தொடங்கும் இடத்தில் அங்கி மாட்ட வேண்டும். பிள்ளை மட்டுமல்ல, அண்ணனும் நானும்கூட. மகள் எங்களைக் கண்காணித்தாள். ஒருமுறை காப்பி குடிக்க ஓடிவந்து அங்கியில்லாமல் பலகையில் கால் வைத்த மாமாவைத் திருப்பி அனுப்பினாள்.

படகு வேண்டாம் என்றும் முடிவெடுத்தோம். வாடகைக்கு எடுத்த சின்ன வீட்டின் முன்னால் ஏரிக்குள் நீளும் மர மேடை ஒன்று இருந்தது. பிள்ளைக்குச் சிறுநீர் வந்தால், குளிர்ந்தால், சலித்தால் இருபது எட்டில் வீடு. படகில் அது முடியாது.

பூச்சிகளையும் சொல்ல வேண்டும். மே, ஜூனில் கொசுவோடு கருப்பு ஈயும் சேர்ந்து கடிக்கும். வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுவது, பிள்ளைகளுக்கேற்ற பூச்சி மருந்து – இவ்வளவும் வேண்டும். புல்வெளியில் உண்ணி இருக்கும். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். தினமும் குளிக்க வைக்கும்போது முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் பார்த்தேன். இரவில் குளிர் 10 பாகைக்கு இறங்கும். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

முதல் நாள் தோல்வி

கவார்த்தா ஏரிகள் டொரோண்டோவுக்கு வடகிழக்கே, பீட்டர்பரோ நகரை ஒட்டி இருக்கின்றன. அண்ணன் வீடு இருக்கும் ஸ்கார்பரோவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பீட்டர்பரோவில் 1904-இல் திறந்த ஒரு படகுத் தூக்கி இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துப் படகையே மேலே தூக்கிவிடும். மகள் வாயைப் பிளந்து பார்த்தாள். “லிஃப்ட்ல கப்பல் போவுது” என்று இன்றுவரை எல்லாரிடமும் சொல்கிறாள்.

என் அட்டவணைப்படி 3 மணிக்குத் தூங்கி, 7 மணிக்கு எழுந்து, சாப்பிட்டு, 8 மணிக்கு மேடையில் இருக்க வேண்டும். தூங்கினாள். 7க்கு எழவில்லை. 8க்கு எழுப்பினேன், திரும்பிப் படுத்தாள். 9.30க்கு எழுந்து, இருட்டைப் பார்த்து, “அப்பா எங்கே?” என்று ஓவென்று அழுதாள். ‘அம்மா எங்கே’ என்று கேட்டு அழுபவள் அல்ல அவள். அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே. ஆனாலும் கேட்டது அப்பாவை. தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். மீனாவது ஒன்றாவது என்று தோன்றியது.

அண்ணி சூடாக மைலோ போட்டுக் கொடுத்தார். “மூணு ராத்திரிக்கு எடுத்தது நல்லதாப் போச்சு” என்றார். ஆமாம், பிள்ளையோடு போகிறவர்கள் ஒரே ஒரு மாலையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அப்பா மீன்

மறுநாள் விடியலில் அவளே என்னை எழுப்பினாள். அண்ணன் மண்புழு டப்பாவோடு தயாராக இருந்தார். வால்ஐக்கு அட்டையும் நல்ல இரையாம். நீர் அட்டையைக் கடையில் டப்பாவில் விற்கிறார்கள். நம் ஊர்க் காட்டில் காலில் ஏறும் அட்டையைக் காசு கொடுத்து வாங்குவதா என்று நான் மறுத்துவிட்டேன். மிச்சமான இரையை ஏரியிலோ கரையிலோ கொட்டக் கூடாது என்றும் அண்ணன் சொன்னார். அந்த இடத்துக்குச் சொந்தமில்லாத புழுவும் மீன்குஞ்சும் பரவிக் கெடுதல் செய்யும். குப்பையில்தான் போட வேண்டும்.

மகள் எந்த அருவருப்பும் இல்லாமல் புழுவை எடுத்து மாமா கையில் கொடுத்தாள். முள்ளில் கோப்பது மாமா வேலை. அதைப் பார்த்தபோது எனக்குக் கம்பார் வீட்டுக் கொல்லையில் சிரட்டையோடு புழு தோண்டிய நினைவு வந்தது. அண்ணனுக்கும் வந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தூண்டிலை என் கையில் கொடுத்தார். எனக்கு வயது 36. என் கைக்கு வந்த முதல் தூண்டில் அதுதான்.

காலையில் வால்ஐ வரவில்லை. ஆனால் மேடைக்குக் கீழே தண்ணீர் தெளிந்ததும், மணலில் தட்டுத் தட்டாக வட்டக் குழிகள் தெரிந்தன. சன்ஃபிஷ் எனப்படும் உள்ளங்கை அளவு மீன்களின் கூடு. ஒவ்வொரு குழிக்கு மேலும் ஒரு மீன் வாலை ஆட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. வேறு மீன் கிட்டே வந்தால் பாய்ந்து விரட்டியது.

“அதுதான் அப்பா மீனு. முட்டைக்குக் காவல்” என்றார் அண்ணன்.

“அம்மா மீனு எங்க மாமா?”

“முட்டை விட்டுட்டுப் போயிடும்.”

மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “வேலைக்கா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேளையில் சன்ஃபிஷ் ஏழெட்டு சிக்கின. சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் சரியான மீன். பகலில் கடிக்கும், அடிக்கடி கடிக்கும், காத்திருக்க வைக்காது. வால்ஐக்கென்று போனாலும் பகலுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக்கு மேல் நிற்கும் மீனைத் தொட வேண்டாம் என்று மட்டும் மகளே சட்டம் போட்டாள். “அப்பாவைப் பிடிச்சிட்டா முட்டையை யாரு பார்ப்பா?” கூட்டை விட்டுத் தள்ளித் தள்ளி வீசினோம். பிடித்த எல்லாவற்றையும் உடனே விட்டோம்.

மாலை வெளிச்சம்

அன்று மாலை 8 மணிக்கு மூன்று பேரும் மேடையில் உட்கார்ந்தோம். அண்ணன் மகளின் தூண்டிலில் ஒளிரும் தக்கையைக் கட்டினார். நரம்பில் நழுவி ஓடும் தக்கை. இரை எவ்வளவு ஆழத்தில் தொங்க வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு முடிச்சு போட்டால் தக்கை அங்கே வந்து நிற்கும். நீர்ப்பாசி முடிகிற விளிம்பில், தரைக்கு ஒரு அடி மேலே இரை தொங்க வேண்டும். வால்ஐ அந்த விளிம்பையொட்டித்தான் நடமாடும்.

ரேடியோக்காரிக்கு மௌனம் என்றால் பயம். பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோதே மூன்று விநாடி சத்தமில்லாமல் போனால் நேயர் வேறு நிலையத்துக்கு மாறிவிடுவார் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். பத்து வருட வேலையில் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். “குளிருதா? பசிக்குதா? அந்த மரம் பார்த்தியா? அந்த மேகம் என்ன மாதிரி இருக்கு?”

மகள் விரலை உதட்டில் வைத்தாள். “அம்மா, ரேடியோ மாதிரி பேசாதீங்க. வாலு ஐயா ஓடிருவாரு.”

வாயை மூடினேன். முதல் ஐந்து நிமிடம் கஷ்டமாக இருந்தது. பிறகு காது திறந்தது. மேடைக்காலில் தண்ணீர் தட்டும் சத்தம். எங்கோ தவளைகள். பிறகு ஏரியின் அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு கூவல். லூன் என்ற நீர்ப்பறவை. கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் இருக்கும் பறவை. அதனால்தான் அந்த நாணயத்தையே ‘லூனி’ என்கிறார்கள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு லூனியை எடுத்து மகளிடம் காட்டினார். அவள் அதைக் கையில் மூடிக்கொண்டு என் மேல் சாய்ந்தாள். அரை மணி நேரம் அப்படியே இருந்தாள். கேள்வி இல்லை, பதில் இல்லை. அவளுடைய ஆறு வயதில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் அவளோடு இருந்ததில்லை.

9.15 இருக்கும். தக்கையின் சிவப்பு வெளிச்சம் சாய்ந்தது. மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியது. தண்ணீருக்கு அடியிலும் அது சிவப்பாகத் தெரிந்தது.

“இழுக்காத. எண்ணு. ஒண்ணு... ரெண்டு... மூணு... இப்ப சுத்து!” என்றார் அண்ணன்.

சுற்றினாள். தூண்டில் வளைந்தது. நான் அவளுடைய அங்கியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். அண்ணன் வலையை இறக்கினார். டார்ச் வெளிச்சம் பட்டதும் வலைக்குள் இரண்டு கண்கள் வெள்ளி விளக்கு மாதிரி எரிந்தன.

“வாலு ஐயா!”

கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும்; உலர்ந்த கை பட்டால் அதன் மேல்தோலில் உள்ள வழவழப்பு போய்விடும். வாய்க்குள் விரல் விடக் கூடாது, பல் கூர்மை. அண்ணன் அளவுகோலில் வைத்தார். 30 சென்டிமீட்டர். எடுப்பதற்கு நீளம் போதாது.

“சின்னப் பிள்ளை. வீட்டுக்கு அனுப்பணும்” என்றார்.

மகள் அழுவாளோ என்று பார்த்தேன். “அவங்கம்மா தேடுவாங்க” என்றாள். நானும் அவளும் சேர்ந்து தண்ணீரில் விட்டோம். ஒரு கணம் கையிலேயே நின்றது. பிறகு காணோம்.

அண்ணி மசாலா அரைத்து வைத்திருந்தார். அன்றிரவு சாப்பிட்டது டின் சார்டின் சம்பல். ஒருவேளை உங்களுக்கு எடுக்கக்கூடிய மீன் கிடைத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: பெரிய வால்ஐயில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும். எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒண்டாரியோ அரசு பட்டியல் போட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் தனி அளவு உண்டு. சமைக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

கம்பாரில் காலை 10 மணி

இரவு 10 மணிக்கு அப்பாவைக் காணொளியில் அழைத்தோம். அங்கே காலை 10. பசியாறிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். மகள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்: “எவ்வளவு ஆழம்? தக்கையை எங்க கட்டினீங்க? எத்தனை எண்ணிட்டு இழுத்தே?” அறுபது வருட அனுபவம் திரையில் குனிந்து கேட்டது.

“நல்லா செஞ்சிருக்கே. தாத்தா வீட்டுக்கு வா, குட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

நான் கைப்பேசியை வாங்கினேன். “என்னை ஏம்பா அப்ப கூட்டிட்டுப் போகலே?” வேடிக்கையாகக் கேட்பதாகத்தான் நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. மூன்று விநாடிக்கு மேல். நானும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை.

“உங்கம்மா பயந்தா. எனக்கும் பயம்தான். ரெண்டு பிள்ளையை ஒத்தை ஆளா குட்டை ஓரம் பார்க்க முடியாதுன்னு... அப்படியே விட்டுட்டேன்.” பிறகு சொன்னார், “பொம்பளப் பிள்ளைன்னு சொன்னது தப்புதான்.”

ஊர் திரும்பி இரண்டு மாதமாகிறது. அலாரம் மறுபடி 4.30க்கு அடிக்கிறது. அதை மாற்ற எனக்கு இப்போதைக்கு வழியில்லை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை கம்பாருக்குப் போகிறோம். குட்டைக்கு அல்ல, வேலி போட்ட கட்டணக் குளத்துக்கு. மூன்று தலைமுறைக்கும் உயிர்காப்பு அங்கி. அப்பாவுக்கு அதைப் போட வைப்பதுதான் பெரும்பாடு. பேத்தி சொன்னால் மட்டும் போட்டுக்கொள்கிறார்.

புழு தோண்டுவது இப்போது அவர் வேலை.